கடன் அட்டை: ஆண்டுக் கட்டணம் போன கதை

கடன் அட்டையின் ஆரம்ப காலத்தில் ஆண்டுக் கட்டணம் மறைக்க வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. 1958-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் அட்டையை வெளியிட்டபோது, டைனர்ஸ் கிளப் வாங்கிய 5 டாலரைவிட ஒரு டாலர் கூட்டி 6 டாலர் என்று வைத்தது. விலை கூடினால் மதிப்பும் கூடும் என்ற கணக்குதான்! இந்த அட்டைகளில் மாதா மாதம் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். வட்டி வருமானம் கிடையாது. எனவே கட்டணமும் கடைக்காரர்கள் தரும் கமிஷனும்தான் வரவு.

அதே ஆண்டு பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, கேட்காமலேயே அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. இதில் பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், வட்டியோடு. வங்கி அட்டைகள் பெரும்பாலும் கட்டணமின்றியே பரவின.

இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதியது மினசோட்டாவில். அந்த மாநிலச் சட்டப்படி வட்டி 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் மார்க்வெட் என்ற உள்ளூர் வங்கி ஆண்டுக்கு 10 டாலர் கட்டணம் வசூலித்தது. வேறு மாநிலமான நெப்ராஸ்காவின் ஒமாஹா வங்கியோ அங்கே வந்து, கட்டணமே இல்லை என்று ஆள் பிடித்தது. ஆனால் அதன் வட்டி, ஆயிரம் டாலருக்குக் குறைந்த பாக்கிக்கு 18 சதவீதம். மார்க்வெட் வழக்குப் போட்டது.

சாதாரண வட்டிக் கணக்கே போதும். வித்தியாசம் 6 சதவீதம். ஆண்டு முழுவதும் சுமார் 167 டாலர் பாக்கி வைத்தாலே அந்த 10 டாலர் போய்விடும். அதற்கு மேல் பாக்கி வைப்பவருக்கு 'இலவச' அட்டைதான் விலை கூடியது. பாக்கியே வைக்காதவருக்கு அது உண்மையிலேயே இலவசம்.

1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒமாஹா பக்கம் தீர்ப்பளித்தது. தேசிய வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநில வட்டி விகிதமே அதற்குப் பொருந்தும் என்றது. பிறகு கேட்க வேண்டுமா? 1980-ல் தெற்கு டகோட்டா வட்டி உச்சவரம்பையே நீக்கியது. சிட்டி வங்கி தன் அட்டைத் தொழிலை அங்கே கொண்டுபோனது.

வேடிக்கை என்னவென்றால், வட்டிக்குத் தடை நீங்கியும் கட்டணம் உடனே ஒழியவில்லை. 1980-ல் பணவீக்கமும் கார்ட்டர் அரசின் கடன் கட்டுப்பாடும் சேர, பல வங்கிகள் புதிதாகக் கட்டணம் விதித்தன. அதை அசைத்தவர்கள் வெளியாட்கள். சியர்ஸ் கடைக்காரர்களின் டிஸ்கவர் அட்டை 1986-ல் கட்டணமின்றி வந்தது. 1990-ல் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, முதல் ஆண்டில் சேருபவர்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கட்டணம் இல்லை என்றது. 1998-ல் அந்த அட்டைத் தொழிலை விலைக்கு வாங்கியது, அதே சிட்டி வங்கிதான்.