செல்சி மருந்துத் தோட்டம்

லண்டனின் செல்சி பகுதியில், தேம்ஸ் ஆற்றின் வடகரையில் உள்ள மூலிகைத் தோட்டம். மருந்து செய்வோர் சங்கம் தன்னிடம் தொழில் பயின்ற மாணவர்கள் மூலிகைகளை இனங்காணப் பழகுவதற்காக 1673இல் இதை அமைத்தது. பரப்பு ஏறத்தாழ 4 ஏக்கர். சுற்றிலும் உயர்ந்த செங்கல் மதில் இருப்பதால், தெருவில் நடப்பவருக்கு உள்ளே ஒரு சோலை இருப்பது எளிதில் தெரியாது.

மனை விலை மிகுந்த இடத்தில் இது பிழைத்திருப்பதற்குக் காரணம் ஒரு குத்தகைப் பத்திரம். இந்த நிலம் அடங்கிய செல்சி பண்ணையை 1712இல் வாங்கிய மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், 1722இல் ஆண்டுக்கு 5 பவுண்டுக்குத் தோட்டத்தைச் சங்கத்துக்கு நிரந்தரமாக விட்டார். ஆண்டுதோறும் 50 புதிய தாவரங்களை உலர்த்தி, அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அளிக்க வேண்டும். எண்ணிக்கை 2,000 ஆகும்வரை இது தொடர வேண்டும் என்பது நிபந்தனை. தோட்டம் அயல்நாட்டு விதைகளைத் தேடிச் சேர்க்க இதைவிட நல்ல தூண்டுதல் இருந்திருக்க முடியாது. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பகுதி, மனைவி வழியே, ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அவர் கொடையைப் பாராட்டுவோர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1722 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தலைமைத் தோட்டக்காரராக இருந்த பிலிப் மில்லர் காலத்தில் தோட்டத்தின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. 1736இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வந்து பார்த்தார். பாரிஸிலிருந்து விதை பெற்று மில்லர் இங்கு வளர்த்தவற்றுள் ஒன்று, நம் ஊர் வேலியோரங்களில் பூக்கும் நித்தியகல்யாணி. மடகாஸ்கரைச் சேர்ந்த இச்செடியிலிருந்து 20ஆம் நூற்றாண்டில் ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் மருந்து கிடைத்தது. கடனுக்காகச் சிறைப்பட்ட கணவரை மீட்கப் பணம் வேண்டி, எலிசபெத் பிளாக்வெல் இங்குள்ள செடிகளைப் பார்த்து வரைந்த மூலிகை நூல் 1737–39இல் வெளிவந்தது. இங்கே பொறுப்பாளராக இருந்த ராபர்ட் ஃபார்ச்சூன் பின்னர் சீனத் தேயிலைக் கன்றுகளைக் கண்ணாடிப் பேழைகளில் இமயமலைச் சாரலுக்கு அனுப்பினார்.

1773இல் அமைத்த பாறைத் தோட்டத்தில், லண்டன் கோட்டையின் பழங்கற்களோடு தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கற்களும் உள்ளன. மதில்கள் வெப்பத்தைத் தேக்கிக் குளிர்காற்றைத் தடுப்பதால், லண்டன் குளிரிலும் ஆலிவ் மரம் திறந்தவெளியில் செழிக்கிறது.

பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1983இல்தான். நுழைவுக் கட்டணம் உண்டு. ஸ்லோன் சதுக்க நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நச்சுச் செடிகளும் வளர்வதால் எதையும் தொடாமல் பார்ப்பது அவசியம்.