வாலஸும் அலியும்

தீவுப் பறவைகளை ஆராய்ந்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் டார்வினையும் கலாப்பகோஸ் குருவிகளையும் சொல்லுவோம். அவ்வளவு தொலைவு நாம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு எட்டு ஆண்டுகள் தீவு தீவாக அலைந்த ஒருவர் இருந்தார். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பது அவர் பெயர்.

1854 ஏப்ரலில் இங்கே வந்து இறங்கிய வாலஸ் செல்வந்தர் அல்லர். பிடித்த பூச்சிகளையும் பறவைத் தோல்களையும் லண்டனிலிருந்த முகவர் ஒருவர் விற்றுக் கொடுப்பார்; அந்தப் பணம்தான் சாப்பாட்டுக்கும் கப்பல் கூலிக்கும். புக்கிட் தீமா காட்டில், புலிக்காக வெட்டி மூடிவைத்த குழிகளுக்கு அஞ்சியபடியே வண்டு பிடித்தார்.

பிறகு சரவாக் சென்றார். புதிய உயிரினம் ஒவ்வொன்றும், அதை ஒத்த வேறோர் இனம் முன்பே வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று 1855-இல் அங்கிருந்து எழுதினார். எப்படித் தோன்றுகிறது என்ற கேள்விக்கு அப்போது அவரிடம் விடை இல்லை. சரவாக்கில்தான் அலி என்ற மலாய் இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சமையலுக்கு வந்தவர் சுடக் கற்றுக்கொண்டார். பறவையின் தோலை இறகு கலையாமல் உரித்துப் பாடம் பண்ணவும் கற்றுக்கொண்டார். எறும்பும் ஈரமும் ஓரிரவில் பாழாக்கிவிடும் இந்நாட்டில் அது லேசான வேலையா?

1856-இல் வாலஸ் மக்காசார் போக விரும்பினார். நேரே போகும் கப்பல் கிடைக்கவில்லை. வேறு வழியின்றிப் பாலி, லொம்போக் வழியாகச் சென்றார். கிடைக்காத அந்தக் கப்பலுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்! பாலியில் மரங்கொத்தி, குக்குறுவான், தூக்கணாங்குருவி என்று நமக்குப் பழகிய பறவைகள். சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டி லொம்போக்கில் இறங்கினால், அவற்றில் பல காணவில்லை. அவற்றுக்குப் பதிலாக வெள்ளைக் காக்காத்துவான், தேன் உறிஞ்சும் ஆஸ்திரேலியச் சாதிப் பறவைகள், மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து அந்தச் சூட்டிலேயே முட்டையைப் பொரிக்கவிடும் காட்டுக்கோழி போன்ற பறவை!

காரணம் கடலின் ஆழத்தில் இருக்கிறது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தபோது மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஒரே நிலமாக ஆசியாவுடன் ஒட்டியிருந்தன. லொம்போக் நீரிணை அதைவிட ஆழமானது. அது வற்றவே இல்லை. இரு கரையின் உயிர்களும் தனித்தனியே வளர்ந்தன. இந்த எல்லைக்கு 1868-இல் ஹக்ஸ்லி வாலஸ் கோடு என்று பெயரிட்டார்.

1858-இல், மொலுக்காஸ் தீவுகளில் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த நேரத்தில், பழைய கேள்விக்கு விடை வாலஸுக்குத் தட்டுப்பட்டது. சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன என்ற கருத்தை எழுதித் தெர்னாத்தேயிலிருந்து டார்வினுக்கே அனுப்பினார். அதே முடிவை இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த டார்வின் திகைத்துப்போனார். ஜூலை 1-இல் இருவர் கட்டுரைகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. வாலஸோ அப்போது கிழக்குத் தீவுகளில் பறவை தேடிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவுமில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் பச்சான் தீவில், அலி தம் இடுப்பில் சில பறவைகளைக் கட்டித் தொங்கவிட்டபடி திரும்பினார். அவற்றுள் ஒன்றை விசித்திரப் பறவை என்று காட்டினார். மார்பில் மரகதப் பச்சை. ஒவ்வொரு தோளிலிருந்தும் இரண்டிரண்டு நீண்ட வெள்ளை இறகுகள். அறிவியல் அதுவரை அறியாத சொர்க்கப் பறவை அது. மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தின் கிரே அதற்குப் பெயர் சூட்டினார். வாலஸின் பெயரைத்தான் சூட்டினார். சுட்டவர் பெயரை அல்ல.

வாலஸ் கொண்டுசென்ற 8,050 பறவைகளில் அலியின் கைபட்டவை ஏராளம். வாலஸ் அதை மறைக்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். 1862-இல் சிங்கப்பூரில் பிரியும்போது பணமும் இரண்டு துப்பாக்கிகளும் கொடுத்தார். அலியைப் படம் எடுக்கவைத்து, 1905-இல் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அந்தப் படத்தை வெளியிட்டார்.

1907-இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தேக்குப் போனார். நீலக் குல்லாய் அணிந்த மலாய் முதியவர் ஒருவர் அவரை நிறுத்தித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். சொன்ன பெயர், அலி வாலஸ்.