உங்க வண்டியும் ஒரு வண்டியா?

கார்ப் பித்துப் பிடித்த இரண்டு பேர் ஒரே வயதுக்காரர்களாக இருந்தால் சந்தித்தவுடன் தோளில் கை போட்டுக்கொள்வார்கள். இருபது வயது வித்தியாசம் இருந்தால் கிண்டலில்தான் ஆரம்பிப்பார்கள். நம் பழைய மாணவர் கூடல்களுக்குத் தவறாமல் வருகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். உள்ளே மேடையில் வரவேற்புரை நடந்துகொண்டிருக்கும். வெளியே வண்டிகள் நிற்கும் வேப்பமரத்தடியில் தனியாக ஒரு பட்டிமன்றம் நடக்கும்.

"தம்பி, இது காரா, இல்ல தகர டப்பாவா?" என்பார் மூத்தவர்.

"அண்ணே, உங்க வண்டில ஹாரனைத் தவிர மத்ததெல்லாம் நல்லா சத்தம் போடுது!" என்பான் இளையவன். அரதப் பழசான ஜோக்தான். ஆனாலும் சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள்.

இந்தக் கிண்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்தக் காலத்தில் யார் யாரை என்ன சொல்லிக் கேலி செய்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால், அந்தந்தக் காலத்தில் நம் நாட்டில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பது புரிந்துவிடும். அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கார்களின் காலம்

1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்றது. அதற்குத் தயாராக இல்லாத ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு போன்ற கம்பெனிகள் கடையைக் கட்டின. மிஞ்சியவை மூன்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரிமியர், நம் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு. அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்று சொன்னால் பெரியவர்களுக்கு உடனே முகம் மலரும்.

அடுத்த முப்பது வருடம் இந்த மூன்றுக்குள்தான் எல்லாச் சண்டையும். அம்பாசிடர்க்காரர் தம் வண்டியின் கனத்தைப் பற்றிப் பேசுவார்: "ரோட்டுல பள்ளம்னா பள்ளம்தான் பயப்படணும்!" 1961-ல் வந்த ஹெரால்டு அன்றைய இளவட்டங்களின் வண்டி. ஆரம்பத்தில் இரண்டே கதவு. "பாட்டியை எந்தப் பக்கமா ஏத்துவே?" என்று கேட்டால், "நீங்க வண்டியத் திருப்ப மைதானம் தேடுங்க, நான் இந்தத் தெருவுலயே திருப்பிடறேன்" என்று பதில் வரும். பதிலில் பொய் இல்லை. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். முன்பக்க பானட் மொத்தமாக முன்னால் கவிழ்ந்து எஞ்சின் முழுவதும் கைக்கு எட்டும்.

ஆக, இன்று நம்மைத் "தகர டப்பா" என்று சொல்லும் பெரியவர்கள், தங்கள் இளமையில் அதே பேச்சைக் கேட்டவர்கள்தான்.

சோழவரத்துத் தீர்ப்பு

வாய்ச் சண்டையை முடித்துவைக்க ஓர் இடம் இருந்தது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதும். வீட்டிலிருந்து ஓட்டிவந்த அதே பியட்டையும் ஹெரால்டையும் கழற்றி மாற்றிப் பந்தயத்தில் விட்டவர்கள் உண்டு. கார்புரேட்டரை மாற்றுவது, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தைக் கூட்டுவது, சைலன்சரைக் கழற்றி எறிவது... எல்லாம் பட்டறையிலேயே நடக்கும். ஸ்பெஷல் பார்ட்ஸ் என்று தனியாக ஏது? இருப்பதை வைத்துச் செய்ததுதான்.

அந்தத் தலைமுறையின் கைத்திறமைக்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. புது கார் வேண்டுமானால் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த வண்டியை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம். பாயின்ட் இடைவெளியை சிகரெட் அட்டையை வைத்து சரி செய்வார்கள். மே மாத வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், பம்ப்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஒரு டீ குடிப்பார்கள். வண்டி கிளம்பிவிடும்!

'தீப்பெட்டி' வந்தது

1983 டிசம்பர் 14. பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார். கார் வெளிவரும் முன்பே லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். 796 சி.சி., மூன்றே சிலிண்டர், 12 அங்குல சக்கரம், முன்சக்கர இயக்கம். பெரியவர்களுக்குக் கொண்டாட்டம். "தீப்பெட்டி", "சோப்பு டப்பா" என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். "மூணு சிலிண்டரா? நாலாவது எங்கேப்பா, அடகு வச்சுட்டாங்களா?"

ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் தீப்பெட்டி முன்னால் போய்விட்டது. ஏன் என்று நம் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் கணக்கைப் போட்டுவிடுவோம். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின் ஏறக்குறைய 50 குதிரைத்திறன் கொடுக்கும். வண்டியின் எடை 1,100 கிலோவுக்கும் மேல். டன்னுக்கு 45 குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாருதிக்கு 39 குதிரைத்திறன்தான். எடையோ 650 கிலோவுக்குள். டன்னுக்கு 60 குதிரை! கேலியில் ஜெயித்தவர்கள் கணக்கில் தோற்றார்கள்.

இந்த இடத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வருத்தமான கதையும் உண்டு. 1985-ல் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இங்கிலாந்தில் பெயர் பெற்ற ரோவர் காரின் அழகான உடம்பு. உள்ளே இருந்ததோ பழைய வேங்கார்ட் காரின் வழிவந்த எஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. ஹெரால்டு கொடுத்த ஆலை அதோடு முடிந்தது. கிண்டலடிக்கும் எந்தச் சீனியரும் இதை மட்டும் கிண்டலடித்து நான் கேட்டதில்லை.

கோவையிலிருந்து ஒரு பதில்

பெரியவர்கள் தீப்பெட்டி என்று சிரித்துக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரில் ஒருவர் அந்த எஞ்சினைக் கையில் எடுத்தார். எஸ். கரிவரதன். பந்தயத்தில் ஓட்டவும் தெரியும், பந்தயக் கார் கட்டவும் தெரியும். 1980-களின் பிற்பகுதியில், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை கொண்ட 'பார்முலா மாருதி' காரை உருவாக்கினார். பழைய பட்டறைத் திறமையும் புதிய எஞ்சினும் கை கோத்த வண்டி அது. செலவு குறைவு என்பதால் இளைஞர்கள் பலருக்குப் பந்தயக் கதவு திறந்தது. 1990-ல் பந்தயங்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ஓடுதளமும் வந்துவிட்டது.

பார்முலா மாருதியில் பழகியவர்களில் ஒருவர்தான் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் மறைந்துவிட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையம் ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தக் கிண்டல் வரலாற்றில் எனக்குப் பிடித்த அத்தியாயம் இதுதான். "உன் வண்டி பெரிசா, என் வண்டி பெரிசா" என்று கேட்காமல், "இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான்!

பானட் மூடிக்கொண்டது

2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு விதிகள் வந்தன. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பெட்ரோல் எவ்வளவு, எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்தது. ஸ்பேனரோடு நின்ற கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. நாங்கள் கல்லூரியில் படித்தது அதற்குப் பிறகு, ஸ்விப்ட் காலத்தில். விடுதியில் எங்கள் பேச்செல்லாம் ரீமேப்பும் டர்போவும்தான். "நீங்க ஓட்டறது கார் இல்லடா, வீடியோ கேம்" என்றார்கள் மாருதி 800 சீனியர்கள். தீப்பெட்டி என்று பெயர் வாங்கிய அதே கட்சிதான்!

2014-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதம் அம்பாசிடர் ஆலையும் வேலையை நிறுத்தியது. கேலி செய்த வண்டியும் கேலி செய்யப்பட்ட வண்டியும் ஒரே வருடத்தில் விடைபெற்றன. சண்டை போட்ட பங்காளிகள் ஒரே நேரத்தில் ஊரைக் காலி செய்தது போல.

இப்போது மின்சாரம். பூஜ்ய வேகத்திலேயே முழுத் திருப்புவிசை. கியர் இல்லை, ஆயில் இல்லை, சத்தமும் இல்லை. 2025 ஜனவரியில் மின்சார கிரெட்டா விற்பனைக்கு வந்தது. அது தயாராவதும் நம் இருங்காட்டுக்கோட்டையில்தான். "ஆயில் சர்வீஸா? அப்படீன்னா என்னண்ணா?" என்று என்னைப் பார்த்தே ஒரு மூன்றாமாண்டு தம்பி கேட்டான். "செல்போனுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டறீங்க, அதுக்குப் பேர் காரா?" என்று பக்கத்திலிருந்த ஸ்விப்ட்காரர் பாய்ந்தார். நாங்களும் பெரியவர்கள் ஆகிவிட்டோம் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டு பேருக்கும் ஒரு வேண்டுகோள்

மூத்தவர்களின் கிண்டலுக்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: "வண்டி உனக்குத் தெரியுமா, ஓட்ட மட்டும்தான் தெரியுமா?" இளையவர்களின் கிண்டலுக்குள்ளும் ஒன்று இருக்கிறது: "உங்கள் பெருமை வண்டியைப் பற்றியதா, உங்கள் இளமையைப் பற்றியதா?" இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் சண்டை பாதியாகக் குறையும்.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய கூடலில் ஒரு சீனியரின் பத்மினி கிளம்ப மறுத்தது. மாணவர்கள் ஸ்கேனர் செருகுவதற்கு இடம் தேடினார்கள். அவர் சிரித்துக்கொண்டே பாயின்ட்டைத் தேய்த்துக் கிளப்பினார். அதே மாலையில் இன்னொரு சீனியரின் புதுக் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு மாணவி தன் போனிலேயே குறியீட்டைப் படித்து, எந்தச் சென்சார் என்று இரண்டு நிமிடத்தில் சொன்னாள். யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. நான் பார்த்தவரை, வேப்பமரத்தடி அமைதியாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யத் தெரிந்த நம் சீனியர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. இந்த மலரின் அஞ்சலிப் பக்கம் ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போகிறது. அவர்கள் கையில் இருப்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. மாணவர்கள் கையில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த கூடலில் ஒரே ஒரு நாள், பழைய வண்டி ஒன்றும் புதிய வண்டி ஒன்றும் நம் ஆட்டோமொபைல் லேபுக்கு வரட்டும். பழையதைப் பெரியவர்கள் கழற்றிக் காட்டட்டும். புதியதை மாணவர்கள் விளக்கட்டும். லேபைத் திறந்துவைக்கத் துறையினர் தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கிண்டலை மட்டும் விட்டுவிட வேண்டாம், நண்பர்களே. அது இல்லாவிட்டால் கூடலுக்கு வந்த மாதிரியே இருக்காது!