தொப்பிக்குள் ஒரு கை!

1900-ம் வருடம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ். துப்பாக்கியுடன் ஒருவர் தயாராக நிற்கிறார். கூண்டு திறக்கிறது. உயிருள்ள புறா ஒன்று ஜிவ்வென்று எழும்ப... டுமீல்! அப்படி ஏறத்தாழ 300 புறாக்கள் செத்து விழுந்தன. 21 புறாக்களைச் சுட்ட பெல்ஜியக்காரர் லியோன் த லுந்தேனுக்கு முதலிடம்!

இத்தனைக்கும், மாற்று வழி 20 வருடங்களுக்கு முன்பே வந்தாயிற்று. குளத்தில் ஓட்டாஞ்சில்லு வீசித் தத்தித் தத்திப் போகவிட்டு நாம் விளையாடியிருக்கிறோம் இல்லையா? அதுபோல யாரோ சிப்பி வீசி விளையாடியதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கிக்கு யோசனை உதித்தது என்பார்கள். 1880-ல் அவர் களிமண் தட்டைப் பறக்கவிட்டார். புறாக்கள் பிழைத்தன!

பாரிஸில் ரத்தம் சிந்திய அதே 1900-ல், நியூயார்க்கில் 'கிராண்ட் அமெரிக்கன் ஹாண்டிகேப்' போட்டி முதன்முறையாகக் களிமண் தட்டுகளுடன் நடந்தது. அதென்ன 'ஹாண்டிகேப்'?

பழைய இங்கிலாந்தில் ஒரு பண்டமாற்று விளையாட்டு. உன் குதிரைக்கு என் கடிகாரம்! எது எவ்வளவு உசத்தி என்று ஒரு நடுவர் வித்தியாசத்தைச் சொல்வார். இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு எடுப்பார்கள். கையில் காசு இருக்கிறதா, இல்லையா? அதுதான் சம்மதத்துக்கு அடையாளம். 'தொப்பிக்குள் கை' என்பதே பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரை முதுகில் கூடுதல் சுமை ஏற்றினார்கள்.

துப்பாக்கிக்காரர் முதுகில் சுமை ஏற்ற முடியுமா? பின்னால் தள்ளி நிறுத்தினார்கள்! சாதாரணமாக 16 கஜம். அந்த தூரத்தில் நின்று 1922-ல், 60 வயதைத் தாண்டிய ஆனி ஓக்லி தொடர்ச்சியாக 100 தட்டுகளை உடைத்தார். அப்படிப்பட்டவரோடு புதுசாக வந்த பையன் மோதினால் என்ன ஆகும்? ஆகவே கெட்டிக்காரர் பின்னுக்குப் போக வேண்டும், அதிகபட்சம் 27 கஜம் வரை. அவ்வளவு தூரத்தில் தட்டு எட்டப் போய்விடும், ரவைகளும் சிதறிவிடும்.

சரி, யார் கெட்டிக்காரர் என்று யார் சொல்வது? ஆரம்பத்தில் கமிட்டி சொன்னது. மனிதர்கள் முடிவு செய்தால் சண்டை வராமல் இருக்குமா? அதனால் விதிகள் வந்தன. 100-க்கு 96 உடைத்தாயா? போ, அரை கஜம் பின்னால்! சராசரியைப் பார்த்து ஏ, பி, சி என்று வகுப்பும் பிரித்தார்கள். அட்டையில் குறித்துவைத்த கணக்கைப் பிறகு கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. சிபாரிசுக்கு வேலையே இல்லை!

அப்பாடா என்று நிமிர்வதற்குள் மனித மூளை குறுக்கே வந்தது. சின்னப் போட்டிகளில் வேண்டுமென்றே நாலைந்து தட்டுகளைத் தவறவிட்டால்? சராசரி குறையும்... கீழ் வகுப்பில் இடம் கிடைக்கும்... பெரிய போட்டியில் பரிசை அள்ளலாம்! அதனால்தான் அமெரிக்க விதிகளில், 'இவர் திறமை எங்களுக்குத் தெரியும்' என்று சொல்லி ஒருவரை மேலே ஏற்றும் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார்கள்.

எத்தனை தட்டுகள் தப்பின என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். தப்பியதா, தப்பவிட்டாரா? அது அவருக்கு மட்டும்தான் வெளிச்சம். தொப்பிக்குள் இருக்கும் கையில் காசு இருக்கிறதா என்பது, கைவிட்டவருக்குத்தானே தெரியும்!