பாலிசிதாரர் தரப்பு மதிப்பீட்டாளர்: அமெரிக்கத் தீக்காப்பீட்டில் ஒரு தொழிலின் வரலாறு

அமெரிக்காவில் காப்பீடு செய்யப்பட்ட வீடோ கடையோ எரிந்துபோனால், சேதத்தைக் கணக்கிடக் காப்பீட்டு நிறுவனம் தன் ஊழியரையோ தான் கட்டணம் கொடுத்து அமர்த்தும் வெளியாளையோ அனுப்புகிறது. இவர்களுக்கு எதிர்ப்புறத்தில், பாலிசிதாரரே அமர்த்திக்கொண்டு, கிடைக்கும் இழப்பீட்டில் குறிப்பிட்ட விழுக்காட்டை ஊதியமாகக் கொடுக்கும் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரே ‘பப்ளிக் அட்ஜஸ்டர்’ எனப்படுகிறார். இந்தியாவில் இதே பணிக்கு அறியப்பட்ட சர்வேயரை வழக்கமாக நிறுவனமே நியமிப்பதால், இங்குள்ள வாசகர்களுக்கு இந்தத் தொழில் புதியதாகத் தோன்றலாம்.

இதன் வேர் தீக்காப்பீட்டு ஒப்பந்தத்தின் வாசகத்தில் இருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டுக் குழப்பம் விளைவித்த பாலிசிகளை ஒழுங்குபடுத்த நியூயார்க் மாநிலம் 1886இல் ஒரு பொதுப் படிவத்தை வகுத்தது. அதைத் திருத்தி 1943இல் வெளியிட்ட 165 வரிப் படிவத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. அதன்படி, தீ அணைந்தபின் பாலிசிதாரர் எஞ்சிய உடைமைகளை மேலும் கெடாமல் காக்க வேண்டும். சேதமானவற்றையும் சேதமாகாதவற்றையும் பிரித்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் அளவு, வாங்கிய விலை, தேய்மானம் கழித்த நடப்பு மதிப்பு, கோரும் தொகை ஆகியவற்றைக் காட்டும் முழுப் பட்டியலைத் தர வேண்டும். இழப்பை உறுதிமொழியோடு கூடிய சான்றாவணமாக 60 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். இழப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு இவ்வாறு முழுவதும் வீடிழந்தவர் தலையில் விழுந்தது. சுவருக்குள் ஓடிய மின்கம்பியின் நீளத்தையும் புகையேறிய துணியின் தேய்மானத்தையும் கணக்கிட்டு எழுதுவது, அதுவும் ரசீதுகள் எரிந்துபோன நிலையில் எழுதுவது, சாதாரணக் குடும்பத்தால் ஆகக்கூடியதன்று. 1906இல் சான்பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் 28,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தபோது, கோரிக்கையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு மட்டும் தர முன்வந்த நிறுவனங்களோடு பேரம் பேசும் நிலைக்குப் பாலிசிதாரர்கள் தள்ளப்பட்டனர்.

நிறுவனத்தின் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பாலிசிதாரர் தேடியது இயல்பே. ஆயினும், எரியும் வீட்டு வாசலிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய தரகர்களால் தொழிலுக்குக் கெட்ட பெயரும் சேர்ந்தது. வழக்குரைஞர் சங்கங்களோ, உரிமமில்லாமல் சட்டத்தொழில் நடத்துவதாக இதை எதிர்த்தன. அலபாமா மாநிலம் அந்தக் காரணத்தாலேயே இத்தொழிலை அனுமதிக்கவில்லை. 1951இல் தொடங்கப்பட்ட தேசிய பப்ளிக் அட்ஜஸ்டர் சங்கம் தொழில் ஒழுக்க நெறிகளை முன்வைத்தது. நியூயார்க் சட்டம், மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை வாடிக்கையாளரை நாடிச் செல்லத் தடை விதித்ததோடு, கட்டணத்துக்கு 12.5 விழுக்காடு என்ற உச்சவரம்பையும் வைத்தது. அதிர்ச்சியில் இருப்பவரிடம் இரவில் கையெழுத்து வாங்கக் கூடாது என்ற இந்த விதி, தொழிலின் தேவையை ஏற்றுக்கொண்டே அதன் பேராசைக்குக் கடிவாளமிட்டது. இவ்வரலாற்றில் மிக நியாயமான ஏற்பாடு இதுவே எனலாம்.

புளோரிடாவில் இத்தொழிலைக் கட்டுப்படுத்துவது பற்றிய போராட்டம் கூர்மையடைந்தது. 1992ஆம் ஆண்டின் ஆண்ட்ரூ சூறாவளியும், 2004, 2005ஆம் ஆண்டுகளின் தொடர் சூறாவளிகளும் கோரிக்கைகளைக் குவித்தன. 2008இல் அம்மாநிலம், நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட பேரிடர்க் கோரிக்கைகளுக்கு 10 விழுக்காடும் மற்றவற்றுக்கு 20 விழுக்காடும் கட்டண உச்சவரம்பாக நிர்ணயித்து, விபத்து நிகழ்ந்த 48 மணி நேரத்துக்குள் பாலிசிதாரரை அணுகவும் தடை விதித்தது. அந்தத் தடை பேச்சுரிமைக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் நீக்கியது. இடையில் 2010இல், சட்டமன்றத்தின் ஆய்வு அலுவலகம், மாநில அரசு உருவாக்கிய காப்பீட்டு நிறுவனமான சிட்டிசன்ஸின் கோரிக்கைகளை ஆராய்ந்தது. பேரிடரல்லாத கோரிக்கைகளில் பப்ளிக் அட்ஜஸ்டரை அமர்த்தியோர் பெற்ற வழக்கமான தொகை 9,379 டாலர், அமர்த்தாதோர் பெற்றது 1,391 டாலர் என அது கண்டது. பெரிய, சிக்கலான இழப்புள்ளவர்களே உதவி நாடியிருக்கலாமாதலால் இந்த இடைவெளி முழுவதையும் பப்ளிக் அட்ஜஸ்டர்களின் திறமைக்கு வரவு வைப்பது பிழை. எனினும், தனித்து நின்றவர்களில் பலர் உரிய தொகையை இழந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தை அந்த எண்கள் வலுவாகவே எழுப்புகின்றன.

தொழிலின் பலமும் பலவீனமும் விழுக்காட்டு ஊதியத்திலேயே அடங்கியுள்ளன. கையில் காசில்லாதவருக்கும் நிபுணர் கிடைப்பது அதனால்தான். தொகையை உயர்த்துவதில் நிபுணருக்குத் தன்னலம் பிறப்பதும் அதனால்தான். 1943ஆம் ஆண்டுப் படிவத்தில் மற்றொரு பிரிவும் உண்டு: தொகையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் இரு தரப்பும், திறமையும் பற்றின்மையும் உள்ள மதிப்பீட்டாளர் ஒவ்வொருவரை நியமிக்க, அவ்விருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுப்பர். தங்களுக்காக வாதாடிய பப்ளிக் அட்ஜஸ்டரையே இந்த மதிப்பீட்டாளராகவும் பாலிசிதாரர்கள் நியமித்துவந்தனர். 2017ஆம் ஆண்டின் இர்மா சூறாவளியில் எழுந்த ஒரு வழக்கில், இழப்பீட்டுத் தொகையில் விழுக்காடு பெறும் நிறுவனத்தின் தலைவரைப் பற்றற்றவர் எனக் கொள்ள முடியாது என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. கோரிக்கையைத் தயாரித்துப் பேசித் தீர்ப்பதற்கு அதே மாநிலத்தில் பப்ளிக் அட்ஜஸ்டருக்குத் தடையில்லை. மதிப்பீட்டுக் குழுவில் அமர மட்டும் பாலிசிதாரர் ஊதிய விழுக்காடில்லாத மற்றொருவரைத் தேடவேண்டியுள்ளது.