மின்னாற்பகுப்பு: ஒரு சோதனையும் இரண்டு வாசிப்புகளும்

'மின்னாற்பகுப்பு' என்கிற சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. நீர் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஒன்று. மின்சாரம் அதைப் பகுத்துத் தருகிறது. இந்த இரண்டும் விவாதத்துக்கே இடமில்லாத விஷயங்கள் என்பதுபோலச் சொல் நம் கைக்கு வந்து சேர்கிறது. 1800ஆம் வருஷம் நிக்கல்சனும் கார்லைலும் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்தார்கள் என்று நான் பள்ளியில் படித்தது ஒரே ஒரு வரி. வரி முடிந்து முற்றுப்புள்ளி. அந்த முற்றுப்புள்ளிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு சண்டை புதைந்து கிடக்கிறது. அதே 1800இல், அதே சோதனையைத் தன் கையால் செய்து பார்த்த ஒருவர், நீர் பிரிக்க முடியாத தனிமம் என்பதற்கு இதுதான் ஆதாரம் என்று வாதிட்டார். அவர் யாரோ ஊர்பேர் தெரியாத கிறுக்கர் இல்லை. மறுவருஷமே புற ஊதாக் கதிரைக் கண்டுபிடித்த யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் கோமோவிலிருந்து வோல்டா 1800 மார்ச் 20 தேதியிட்டு, லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதுகிறார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினால் ஓயாமல் மின்சாரம் வரும் என்பது செய்தி. கடிதத்தின் முதல் பகுதியைப் பேங்க்ஸ் நண்பர்களிடம் காட்டுகிறார். அதைப் பார்த்தவர்களில் அந்தோணி கார்லைல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர். அவருடைய கூட்டாளி வில்லியம் நிக்கல்சன் இளம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்தவர், பிறகு வெஜ்வுட் பீங்கான் வியாபாரத்துக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏஜெண்டாக இருந்தவர், கடைசியில் சொந்தமாக ஒரு விஞ்ஞான மாத இதழ் நடத்தியவர். சிறுபத்திரிகைக்காரர் என்றே சொல்லலாம்.

ஏப்ரல் 30ஆம் தேதி பதினேழு அரை கிரவுன் வெள்ளிக் காசுகளை வைத்து அடுக்கு தயாராகிவிட்டது. கம்பி சரியாகத் தொடவேண்டும் என்று மேல்தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். அந்தச் சொட்டில் கம்பியைச் சுற்றிக் குமிழி வந்தது. அவர்கள் தேடிப்போனது அதுவல்ல. மே 2ஆம் தேதி காசுகளை முப்பத்தாறாக்கி, ஒரு கண்ணாடிக் குழாயில் லண்டனுக்குக் குடிநீர் தரும் நியூ ரிவர் கால்வாய்த் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையிலும் தக்கை அடைத்துப் பித்தளைக் கம்பிகளைச் செருகினார்கள். வெள்ளிப் பக்கத்துக் கம்பியிலிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழிகள் கிளம்பின. அது எரியும் காற்று, அதாவது ஹைட்ரஜன். மறுபக்கத்துக் கம்பியிலிருந்து எதுவும் வரவில்லை. கம்பி மட்டும் நிறம் மாறிக் கறுத்தது. ஆக, 'நீர் இரண்டாகப் பிரிந்த' அந்தப் புகழ்பெற்ற நாளில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாயுதான். இன்னொன்று ஊகம். பிற்பாடு பிளாட்டினக் கம்பி போட்ட பிறகுதான் இரண்டு பக்கமும் வாயு வந்தது. வாயுக்கள் இடம்பெயர்த்த நீரை எடை போட்டபோது ஒரு பக்கம் 72 கிரெய்ன், மறுபக்கம் 142. ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு.

ஜூலை மாதம் நிக்கல்சன் இதைத் தன் இதழிலேயே அச்சடித்துவிட்டார். வோல்டாவின் கடிதம் ராயல் சொசைட்டி வெளியீட்டில் அச்சாகி வந்தது அதற்கும் பிறகு. கண்டுபிடித்தவன் அச்சில் ஏறுமுன் அவன் கண்டுபிடிப்பை வைத்துச் செய்த கண்டுபிடிப்பு அச்சில் ஏறிவிட்டது. இருக்கட்டும்.

நிக்கல்சனை உறுத்தியது வேறு. நீரின் ஒரு துகள் உடைந்தால் அதன் இரண்டு பாகமும் உடைந்த இடத்தில்தானே கிடைக்க வேண்டும்? தேங்காயை இங்கே உடைத்தால் ஒரு மூடி இங்கேயும் இன்னொரு மூடி அடுத்த தெருவிலும் கிடைக்குமா? ஏறக்குறைய இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும் இரண்டு கம்பிகளில், ஒன்றில் ஹைட்ரஜன் மட்டும், இன்னொன்றில் ஆக்ஸிஜன் மட்டும். நடுவில் உள்ள தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை. 1789இலேயே ஆம்ஸ்டர்டாமில் பேட்ஸ் வான் ட்ரூஸ்ட்விக்கும் டைமனும் மின்பொறி எந்திரத்தின் பொறிகளைத் தண்ணீருக்குள் பாய்ச்சி வாயு எடுத்திருந்தார்கள். அதில் இரண்டு வாயுவும் கலந்தே வந்ததால் இந்தக் கேள்வி எழவேயில்லை. வோல்டாவின் அடுக்குதான் சிக்கலைக் கொண்டுவந்தது. விஞ்ஞானத் தத்துவம் எழுதும் ஹசோக் சாங், 2012இல் நீரின் வேதியியலைப் பற்றி வெளியிட்ட நூலில் இந்தத் தூரப் பிரச்சினையை விரிவாக அலசுகிறார். லவாய்சியர் தரப்பின் வெற்றி என்று நமக்குச் சொல்லப்படும் சோதனை, அன்றைக்கு அந்தத் தரப்புக்கே தலைவலியாக வந்து சேர்ந்தது என்பது அவரைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ரிட்டர் இந்த இடத்தில்தான் நுழைகிறார். மருந்துக்கடையில் உதவியாளாக இருந்து ஜேனா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அடுக்கின் கம்பிகளைத் தன் நாக்கிலும் கண்ணிலும் வைத்துச் சோதித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1810இல் முப்பத்து மூன்று வயதில் செத்துப்போனவர். அவருடைய வாசிப்பு எளிமையானது. எதுவும் பிரியவில்லை. நீர் நேர் மின்சாரத்தோடு சேர்ந்தால் ஆக்ஸிஜன். எதிர் மின்சாரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன். தனித்தனிக் கம்பியில் தனித்தனி வாயு வருவதில் என்ன ஆச்சரியம்? தூரப் பிரச்சினை போயே போச்சு. இரண்டு வாயுவையும் கலந்து கொளுத்தினால் நீர் வருகிறதே என்றால், இரண்டு மின்சாரங்களும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு வெப்பமாகவும் ஒளியாகவும் வெளியேறுகின்றன, பாத்திரத்தில் மிஞ்சுவது பழைய நீர். சுடர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது! இரண்டு பக்கத்து நீருக்கும் நடுவே கந்தக அமிலத்தை வைத்தும் பார்த்தார். நீர் நீரைத் தொடாதபோதும் அந்தந்தப் பக்கத்தில் அந்தந்த வாயு வந்தது. அமெரிக்காவுக்கு ஓடிப்போயிருந்த முதிய பிரீஸ்ட்லி 1802இல், அதே நிக்கல்சன் இதழில், வோல்டாவின் அடுக்கை வைத்தே ஃப்ளோஜிஸ்டன் கொள்கைக்காக வாதாடினார். ஆதாரம் ஒன்று, கட்சிகள் இரண்டு.

அப்படியானால் ரிட்டர் ஏன் தோற்றார்? அவரைப் பொய்யாக்கிய சோதனை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் 1800களின் தொடக்கத்தில் அப்படி எதையும் காட்ட முடியாது. அவர் மொழியில் தோற்றார் என்பது என் எண்ணம். 1787இல் லவாய்சியரும் கூட்டாளிகளும் வேதியியலுக்கே புதுப் பெயரகராதி போட்டுவிட்டார்கள். ஹைட்ரஜன் என்றால் கிரேக்கத்தில் நீரைப் பிறப்பிப்பது. அந்தப் பெயரை உச்சரித்த மாத்திரத்தில் நீர் ஒரு சேர்மம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. 'நீரைப் பிறப்பிப்பது நீரிலிருந்து பிறக்கிறது' என்று ரிட்டர் சொன்னால் கேட்பவன் சிரிக்கமாட்டானா? ஆக்ஸிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. எல்லா அமிலத்திலும் ஆக்ஸிஜன் உண்டு என்று லவாய்சியர் நம்பினார். உப்பிலிருந்து எடுக்கும் அமிலத்தில் அது இல்லை என்று 1810இல் டேவி காட்டினார். கொள்கை செத்தது, பெயர் சாகவில்லை. நாம் பிராணவாயு, உயிர்வளி என்று வைத்துக்கொண்டதால் இந்தப் பிழையிலிருந்து தற்செயலாகத் தப்பித்தோம்.

பெயர் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது என் பங்குக்கு நான் செய்கிற மோசடி. லவாய்சியர் தராசு பிடித்தவர். பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழல் வழியாக நீராவியைச் செலுத்தி, இரும்பு எவ்வளவு எடை கூடியது, எவ்வளவு எரியும் காற்று வந்தது என்று கணக்குப் போட்டவர். உலோகம், அமிலம், எரிதல், மூச்சு என்று எதைத் தொட்டாலும் அந்தக் கணக்கு ஓடியது. ரிட்டரின் கணக்கு ஒரு குழாய்க்குள் மட்டும் அழகாக ஓடியது. எல்லாமே கட்டமைப்புத்தான், உண்மை என்று ஒன்று கிடையாது என்று கிளம்புகிற நண்பர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நீர் தனிமம் அல்ல. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 1800 சோதனை அதை நிரூபிக்கவில்லை. நிரூபணமாகப் பிற்பாடு நியமிக்கப்பட்டது.

தூரப் பிரச்சினைக்கு முதல் கௌரவமான பதில் 1806இல் வந்தது. ரோமில் இருந்த இருபது வயது க்ரோட்டஸ், நீர்த்துகள்கள் ஒரு கம்பியிலிருந்து மறுகம்பி வரை சங்கிலியாக நின்று கும்மியடிப்பதுபோல் ஜோடி மாற்றிக்கொள்கின்றன என்றார். முனையில் நிற்பவை மட்டும் வெளியேறும், நடுவில் எல்லாம் மறுபடி நீர். 1834இல் ஃபாரடே, கொள்கைச் சாய்வில்லாத சொற்கள் வேண்டும் என்று கேம்பிரிட்ஜின் ஹியூவெல்லைக் கேட்டு வாங்கிய பெயர்கள்தான் அனோடு, கேத்தோடு, அயான். அனோடு மேலேறும் வழி, கேத்தோடு கீழிறங்கும் வழி. கிழக்கில் எழுந்து மேற்கில் விழும் சூரியனின் பாதையை மனதில் வைத்து. மின்சாரம் எது என்று நாளைக்கு யார் என்ன சொன்னாலும் சூரியன் எழுகிற திசை மாறாது என்பது அதிலுள்ள முன்யோசனை. நாம் என்ன செய்தோம்? அனோடை நேர்மின்வாய் என்று மொழிபெயர்த்து ஃபாரடே கவனமாக விலக்கியதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தோம். மின்னாற்பகுப்பில் இது பொருந்தும். மின்கலத்தில் அனோடு எதிர்முனை! 'நேர்மின்வாய் எதிர்மின்னூட்டம் கொண்டது' என்ற வாக்கியத்தின் முன்னால் பிள்ளைகள் முழிக்கிறதுக்குப் பிள்ளைகள் காரணமில்லை. அனோட்டு, கதோட்டு என்று ஒலிபெயர்த்துக்கொண்ட இலங்கைப் பாடநூல்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலிகள்.

1887இல் அரீனியஸ், கரைசலில் அயனிகள் மின்சாரம் பாயுமுன்பே இருக்கின்றன என்றார். தூய நீரில் அவை மிகச் சொற்பம், சுமார் ஐம்பத்தைந்து கோடி மூலக்கூறுக்கு ஒன்றுதான் அயனியாகியிருக்கும். அதனால்தான் வகுப்பில் வாத்தியார் இரண்டு சொட்டு அமிலம் விடுகிறார். இன்றைய விளக்கத்தில், நடுநிலை நீரில் எதிர்முனையில் ஒரு நீர் மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கி, ஹைட்ரஜனை விட்டு, ஹைட்ராக்சைடு அயனியாகிறது. நேர்முனையில் வேறு நீர் மூலக்கூறுகள் எலக்ட்ரானை இழந்து, ஆக்ஸிஜனை விட்டு, அமிலத்தன்மையை மிச்சம் வைக்கின்றன. அதாவது இங்கே வெளிவந்த ஹைட்ரஜனும் அங்கே வெளிவந்த ஆக்ஸிஜனும் ஒரே மூலக்கூறிலிருந்து பிரிந்தவை அல்ல. நிக்கல்சனின் தேங்காய் ஒன்றல்ல, இரண்டு. எதிர்முனையில் எழுதும் சமன்பாட்டின் இடப்பக்கத்தைப் பாருங்கள்: நீர், கூட்டல் எலக்ட்ரான். எதிர் மின்சாரத்தோடு நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் என்று ரிட்டர் எழுதியதும் அந்த இடப்பக்கம்தான். வலப்பக்கத்தில் மிச்சமாகும் ஹைட்ராக்சைடைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. முனைகளில் அமிலமும் காரமும் தோன்றுவதை அன்று பலர் கவனித்தார்கள். கண்ணாடியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்த அழுக்கு அது என்று 1806இல் டேவி தங்கப் பாத்திரம் வைத்துக் காட்டிய பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அழுக்கு என்று துடைத்துப் போட்டதில்தான் பதிலின் ஒரு துண்டும் போனது.

பெயர் வைக்கிற வேலை இன்னும் ஓயவில்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. காற்றாலை, சூரிய மின்சாரத்தில் நீரிலிருந்து எடுத்தால் பச்சை. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் சாம்பல். அதிலேயே கரிவாயுவைப் பிடித்து அடைத்தால் நீலம். நிறமே இல்லாத வாயுவுக்குப் பிறப்பை வைத்து நிறம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ நீரும், நடைமுறையில் ஐம்பது யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதைக் குழாயின் இன்னொரு முனையில் வெளிவரும் வாயுவைச் சோதித்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.