அளவு தெரியாமல் கொடுத்த மருந்து

1917 செப்டம்பரில் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அளித்த ஒரு சிறு அறிக்கையில், சீதபேதிப் பாக்டீரியாவை அழிக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி ஒன்றைக் கண்டதாக ஃபெலிக்ஸ் டெரெல் அறிவித்தார். அதற்கு அவர் பாக்டீரியோஃபேஜ் (சுருக்கமாக ஃபேஜ்) என்று பெயரிட்டார். இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் டுவர்ட் 1915இலேயே இதே விளைவைக் கண்டு எழுதியிருந்தார். ஆனால் அதன் காரணத்தை உறுதியாகச் சொல்லவில்லை. 1919இலேயே டெரெல் தன் ஃபேஜைப் பாரிஸின் குழந்தைகள் மருத்துவமனையில் சீதபேதி நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டார். பல நாடுகளுக்குப் பரவிய இந்த வைத்தியம் 1940களில் மேற்கு நாடுகளில் ஏறக்குறைய மறைந்தது. பென்சிலின் வந்ததும் ஃபேஜ் போய்விட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைதான். பாக்டீரியாவுக்குள் புகுந்து ஃபேஜ் எப்படிப் பெருகுகிறது என்று அறியும் முன்பே அதை மருந்தாக்கிவிட்டார்கள். பென்சிலினுக்கு முன்பே இந்த வைத்தியம் ஆட்டம் கண்டதற்கு அந்த அவசரமே முதன்மைக் காரணம்.

டெரெலிடம் வலுவான சான்று ஒன்று இருந்தது. அகார் தட்டில் பாக்டீரியா மெல்லிய படலமாக வளரும்போது, நன்றாக நீர்த்த ஃபேஜ் கரைசலைச் சேர்த்தால், கலங்கிய படலத்தில் ஆங்காங்கே வட்ட வட்டமாகத் தெளிந்த புள்ளிகள் தோன்றும். கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தால் புள்ளிகளும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். வெறும் இரசாயனமாக இருந்தால் படலம் முழுவதும் சீராக மங்கியிருக்கும். தனித்தனிப் புள்ளிகள் விழுவதால், ஒவ்வொன்றும் ஒரு துகளில் தொடங்கியது என்றே கொள்ள வேண்டும். ஆனால் நோபல் பரிசு பெற்ற பெல்ஜிய அறிஞர் ஜூல் போர்டே இதை ஏற்கவில்லை. பாக்டீரியா தானே உண்டாக்கும் நொதிதான் அதை அழிக்கிறது என்றார். 1934இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழுக்காக ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஈட்டனும் பெய்ன்-ஜோன்ஸும் ஃபேஜ் ஓர் உயிரியல்ல என்றே முடிவுகட்டினர். அதன் மருத்துவப் பயனுக்கான சான்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகக் கண்டனர். துகளா நொதியா என்றே தீராத நிலையில், குப்பியில் எத்தனை துகள்கள் செயலோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் கட்டாயம் மருந்து விற்றவர்களுக்கு ஏற்படவில்லை.

மருத்துவப் பயனுக்கான சான்றுகளின் குறை இந்தியாவில் தெளிவாகத் தெரிந்தது. 1920களின் பிற்பகுதியில் டெரெல் இங்கு வந்து காலரா நோயாளிகளிடம் ஃபேஜைச் சோதித்தார். தொடர்ந்து அன்றைய அசாம் மாகாணத்தில் நவ்காங், ஹபிகஞ்ச் என்ற இரு வட்டாரங்களை ஒப்பிட்டார்கள். ஃபேஜ் வழங்கிய நவ்காங்கில் காலரா சாவுகள் குறைந்தன. ஆனால் மழை, நீர்நிலை, மக்கள் நடமாட்டம் ஆகியவற்றைப் பொறுத்துக் காலரா தானாகவே ஏறியும் இறங்கியும் வரும் நோய். இரண்டே இடங்களை வைத்துக்கொண்டு, குறைந்தது ஃபேஜால்தான் என்று அறுதியிட முடியாது. பின்னாளில் டாக்காவில் முறையான ஒப்பீட்டோடு நடந்து 1971இல் வெளியான ஆய்வில், ஃபேஜால் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

விடுபட்டிருந்த அறிவு மெல்லத்தான் வந்தது. 1939இல் எல்லிஸும் டெல்புருக்கும் ஃபேஜின் பெருக்கம் படிப்படியாக நடப்பதில்லை என்று காட்டினர். அது பாக்டீரியாவில் ஒட்டிக்கொண்ட பின் சுமார் அரை மணி நேரம் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. பிறகு பாக்டீரியா வெடித்துப் பத்துக்கணக்கான புதிய ஃபேஜ்கள் ஒரே நேரத்தில் வெளிவருகின்றன. 1952இல் ஹெர்ஷியும் மார்தா சேஸும் ஃபேஜின் புரதத்துக்குக் கதிரியக்கக் கந்தகத்தாலும் டிஎன்ஏவுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் அடையாளமிட்டனர். ஃபேஜ் ஒட்டிய பாக்டீரியாவைச் சமையலறை மிக்ஸியில் சுற்றியபோது, வெளியே ஒட்டியிருந்த புரத ஓடுகளில் பெரும்பகுதி உதிர்ந்தது. டிஎன்ஏவில் பெரும்பகுதி உள்ளேயே தங்கியது. தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, பாக்டீரியாவின் சொந்த இயந்திரங்களைக் கொண்டே ஃபேஜ் தன்னைப் படியெடுக்கிறது என்பது இதிலிருந்து துலங்கியது. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதற்குள்ளேயே குடியேறிவிடும் என்பதை 1950இல் ஆந்த்ரே லுவோஃப் நிறுவியிருந்தார். 1996இல் வந்த செய்தி இன்னும் பெரியது: காலராவின் நச்சுக்கான மரபணுவே அப்படிக் குடியேறிய ஒரு ஃபேஜ் சுமந்து வந்தது. காலராவுக்கு மருந்தாக ஒரு ஃபேஜைக் கொடுத்தவர்களுக்கு, காலராவின் நச்சும் ஒரு ஃபேஜிடமிருந்து வந்தது என்று தெரிய வழியில்லை.

செயல்படும் விதம் தெரியாமலே குவினைன் பல நூற்றாண்டு உயிர் காக்கவில்லையா என்று கேட்கலாம். காத்தது. ஆனால் குவினைன் உடலுக்குள் பெருகுவதில்லை. கொடுத்த அளவே அளவு. ஃபேஜின் அளவு, அது எந்தப் பாக்டீரியாவில் ஒட்டும், ஒட்டினால் கொல்லுமா குடியேறுமா, வெடித்தால் எத்தனை பிறக்கும் என்பவற்றைப் பொறுத்தது. இங்கே பெருக்கத்தை அறியாதவருக்கு அளவும் தெரியாது. 1923இல் கியோர்கி எலியாவா டிபிலிசியில் தொடங்கிய நிறுவனம் இன்றுவரை இந்த வைத்தியத்தைத் தொடர்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. 1937இல் எலியாவா ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்ட பிறகும் அது பிழைத்ததற்கு அதன் நடைமுறையும் ஒரு காரணம்: நோயாளியிடம் எடுத்த பாக்டீரியாவை எந்த ஃபேஜ் அழிக்கிறது என்று தட்டில் சோதிப்பார்கள், பாக்டீரியா மாறினால் ஃபேஜ் கலவையையும் மாற்றுவார்கள். ஆகவே டிபிலிசி என் வாதத்துக்கு எதிர்ச்சான்றல்ல, துணைச்சான்று.

ஆன்டிபயாட்டிக்குகள் பலனிழந்துவரும் இந்நாளில் ஃபேஜ் வைத்தியத்தை மீண்டும் நாடுகிறார்கள். 2016இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றோடு போராடியவருக்கு, அவர் உடலில் இருந்த பாக்டீரியாவுக்கென்றே தேர்ந்த ஃபேஜ்களைச் செலுத்தினார்கள், பாக்டீரியா எதிர்ப்புக் காட்டியதும் வேறு ஃபேஜைத் தேடிச் சேர்த்தார்கள், அவர் பிழைத்தார். எனவே ஃபேஜை எல்லோருக்கும் பொதுவான குப்பி மருந்தாக மறுபடி விற்கும் முயற்சியை நாம் ஏற்கக் கூடாது. பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, பொருந்தும் ஃபேஜைச் சோதித்து, எண்ணிக் கொடுக்கும் ஆய்வகங்களுக்கே முதலில் பணம் செலவிட வேண்டும்.